ஐந்தாவது சாவி

"இதைவிட நீளமான திருகு இல்லையா? அந்த ஆள் தோளால முட்டுவான். ரெண்டே முட்டுல இதெல்லாம் பிடுங்கிக்கிட்டு வந்துடும்."

கசில்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள். வங்கி ஏலத்தில் இந்த வீட்டை வாங்கியவள், வடக்கே பில்பாவோ நகரத்திலிருந்து வந்திருந்தாள். பூட்டுக்காரன் எவுசேபியோ பையைத் துழாவி விரல் நீளத் திருகுகளை எடுத்தான்.

அவனுக்கு இந்த வீடு புதிதல்ல. இரண்டு வாரத்துக்கு முன்னால், வங்கிக் கடனுக்காக வீட்டைக் காலி செய்யவைத்த நீதிமன்ற ஆட்களோடு வந்து, பழைய பூட்டை உடைத்துத் திறந்தவனே அவன்தான். "என் வேர்வைடா இந்த வீடு!" என்று அன்று வீட்டுக்காரக் கிழவர் லெயாந்த்ரோ தெருவே அதிரக் கத்தினார். தெருக்காரர்கள் அவருக்காகக் கோஷம் போட்டார்கள். அவர் மனைவி மட்டும் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி போய் போலீஸ் வண்டியை ஒட்டி நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்து எவுசேபியோவுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

"பின்பக்க ஜன்னலுக்கு இரும்புத் தகடு அடிச்சிடவா மேடம்?"

"தகடு வேண்டாம், கம்பி போடுங்க. வெளிச்சம் வரணும்."

"காலி வீட்டுக்கு வெளிச்சம் எதுக்கு?"

அவள் காதில் வாங்கவில்லை. "படுக்கையறைக் கதவுக்கும் ஒரு தாழ்ப்பாள் வேணும். உள்பக்கமா. கொஞ்சம் கீழ இறக்கி வைங்க."

காசு இருக்கிறவர்களுக்கு எத்தனை கிறுக்கு என்று நினைத்துக்கொண்டான்.

மதியம் சாப்பிடத் தெருமுனை பாருக்குப் போனான். மூலை மேசையிலிருந்து லெயாந்த்ரோ எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என் வீட்டைப் பூட்டிட்டுத்தானே வர்றே?"

பருப்பு சூப்பில் கரண்டி நின்றது. "என் பொழப்பு அப்படி, பெரியவரே."

"உன்னைக் குத்தம் சொல்லல தம்பி. வாங்கினது யாரு?"

"வடக்கேயிருந்து ஒரு பொம்பளை. கண்ணுல ஈரமே இல்ல."

"பிணந்தின்னிக் கழுகுங்க." கிழவரின் குரல் உடைந்தது. "நாப்பத்திரண்டு வருஷம் இருந்த வீடு. இப்ப இந்தக் கடைக்குப் பின்னால, பீர் பெட்டிங்களுக்கு நடுவுல படுக்கறேன். பொண்டாட்டியும் போயிட்டா. எங்க இருக்கான்னு கேட்டா ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டேங்கறான்."

எவுசேபியோ தலை குனிந்துகொண்டான்.

"நான் அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா போதும் தம்பி. அவ தன்னால வந்து சேருவா. அவளுக்கு வேற போக்கிடம் ஏது?"

புதுப் பூட்டோடு ஐந்து சாவிகள் வரும். வெளியே தெரிந்தால் எவுசேபியோவின் தொழில் அன்றோடு முடிந்தது. ஆனாலும் அவன் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. மேசைக்கு அடியில் கிழவரின் உள்ளங்கையில் ஒரு சாவியை அழுத்தினான்.

"அந்தம்மா சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிடுவாங்க. அப்புறமாப் போங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

லெயாந்த்ரோ அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றி, நெற்றியில் ஒற்றிக்கொண்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகு எவுசேபியோ அன்றுதான் தட்டைக் காலி செய்தான்.

நான்கு மணிக்கு வேலை முடிந்தது. கதவைத் தானே தோளால் மோதிப் பார்த்தான், அசையவில்லை. சாவிகளைக் கசில்டாவிடம் நீட்டினான்.

"நாலுதானா?"

"நாலுதான் மேடம்."

"வேற யார்கிட்டயும் இல்லையே? சத்தியமா?"

"சத்தியமா."

காலையிலிருந்து விறைத்திருந்த அவள் தோள்கள் அப்போதுதான் தளர்ந்தன. போனை எடுத்து, "இப்ப வரலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த தெருவிலிருந்து ஒரு டாக்சி திரும்பி வந்து நின்றது. பின்கதவு திறந்து, கையில் கட்டுப் போட்ட அந்தக் கிழவி இறங்கினாள். வீட்டைப் பார்க்காமல், தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எவுசேபியோவின் கையிலிருந்த திருப்புளி படியில் விழுந்து உருண்டது.

கசில்டா ஓடிப்போய்க் கிழவியின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"வாம்மா, பயப்படாத. இனிமே அப்பாவால உள்ள வர முடியாது."