இன்னொரு கட்டம்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி ஆபீஸில் அம்சவல்லிக்கு வேலை. தொழிலாளர் காப்பீட்டுக்காக வேர்டில் ஒரு படிவம் செய்துகொண்டிருந்தாள். எத்தனை பிள்ளைகள் என்பதற்கு ஒரு கட்டம், பெயருக்கு ஒரு கட்டம். சரிபார்க்கத் தன் விவரத்தையே நிரப்பினாள். பிள்ளை ஒன்று, பெயர் தமிழினி. சேமித்துத் திறந்தபோது இரண்டு என்றிருந்தது. கட்டத்தையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். மறுபடியும் இரண்டு.

பக்கத்து மேசை வளர்மதி, தன் விவரத்தைப் போட்டுப் பார்த்தாள்.

"எனக்கு சரியாத்தான் வருதுக்கா. ஒங்களுக்கு ஒரே பொண்ணுதான?"

"ஆமா" என்றாள் அம்சவல்லி. தமிழினிக்கு முன்னால் ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்ட பிள்ளையைப் பற்றி அவள் ஆபீஸில் யாரிடமும் பேசியதில்லை.

வளர்மதி டீ குடிக்கப் போனதும், பெயருக்கு இன்னொரு கட்டம் போட்டாள். 'இங்கே தட்டச்சு செய்யவும்' என்றுதான் அதில் சாம்பல் நிறத்தில் வரவேண்டும். கயல்விழி என்று வந்தது. புருஷனிடம்கூடச் சொல்லாமல் அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர்.

அம்சவல்லி அதை அழிக்கவில்லை. பக்கத்தில் வயதுக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டு, கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.