தலையாட்டும் வீடியோ

ஊரடங்கில் பத்தாம் வகுப்பு மகளுக்குத் தூக்கம் தலைகீழாகிவிட்டது. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். காலையில் ஆன்லைன் வகுப்பு தொடங்கினால், கூரையே இடிந்து விழுந்தாலும் புரண்டுதான் படுப்பாள். அதற்காக ஒரு தில்லாலங்கடி வேலை செய்தாள். மேஜை முன்னால் உட்கார்ந்து தலையாட்டுவதை வீடியோ எடுத்து, வகுப்பில் தன் முகத்துக்குப் பதில் அதையே ஓடவிட்டாள். ஒரே வாரத்தில் அந்தத் தலை நாலு லட்சம் தடவையாவது ஆடியிருக்கும். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும், பாவம், தூங்கட்டும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் காலை டீச்சர் போன் செய்தார்.

"உங்க பொண்ணு இப்பல்லாம் கேள்வி கேட்டா டாண் டாண்ணு பதில் சொல்றாம்மா!"

"எம்பொண்ணா? சாப்பிடக் கூப்பிட்டாலே பதில் வராதே டீச்சர்!"

"இதோ, இப்பக்கூடப் பேசிட்டிருக்காளே."

வீடியோ எப்படிப் பேசும்? அம்மா அறைக்கு ஓடினாள். மகள் கட்டிலில் கிடந்தாள்.

"ஏய் கழுதை, எழுந்திருடி!"

உலுக்கினாள். முகத்தில் தண்ணீரை அடித்தாள். மூச்சு வந்தது, கண் திறக்கவில்லை.

மேஜைமேல் லேப்டாப் திரையில் மகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. கட்டிலருகே ஈரக் கையோடு அம்மாவும் தெரிந்தாள்.

திரையில் இருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். மேஜை முன்னால் இருந்த காலி நாற்காலி கிரீச்சென்று அம்மா பக்கம் திரும்பியது.

"அவ தூங்கட்டும்மா," என்றது மகளின் குரல். "அதான் நான் இருக்கேன்ல."