ஸ்விட்சுக்கு இந்தப் பக்கம்

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அதன் மேல் கையை வைத்தபடியே அவள் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம், கார் கழுவும் பம்பின் அறுந்த பெல்ட்டைக் கணவன் மாற்றிக்கொண்டிருந்தான். பெல்ட் ஒரு சுற்று சுற்றினால் போதும், கை உள்ளே போய்விடும்.

வெளியே, பாதி கழுவிய காரின் மேல் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"போடுங்கம்மா! கறை புடிக்குது!" என்று கார்க்காரர் கத்தினார்.

"அவர் கை உள்ளே இருக்கு சார்."

அந்தப் பக்கமிருந்து கணவனின் குரல் வந்தது. "முடிஞ்சுது, போடு!"

அவள் போடவில்லை. "வெளியே வந்து ரெண்டு கையையும் காட்டுங்க."

"அடியே, என் குரல் கூடவா தெரியல?"

"தெரியுது. வந்து காட்டுங்க."

கார்க்காரர் சிரித்தார். "ஸ்விட்சுக்கு நல்ல ஆளைப் போட்டிருக்கீங்க! இப்படிப் பயந்தா தொழில் நடந்த மாதிரிதான்!"

கணவன் வெளியே வந்து, கிரீஸ் படிந்த இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினான்.

கார்க்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அவள் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினாள்.

"ஏழும் இருக்கு" என்றவள், கண்களை மூடிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள்.