தகரக் கொட்டிலில் ஒரு சமாதான ஒப்பந்தம்

“இந்த நாடு குடியரசானது எழுபத்தெட்டிலதான்,” என்று ஏர்னஸ்ட் கத்தினார்.

“ஆர் சொன்ன? அம்பத்தாறில,” என்று மஜீட் அதைவிடப் பெரிதாகக் கத்தினார்.

தன்னாமுனை முகாமில் பொழுது சாய்ந்தால் போதும், இந்தக் கூத்து தொடங்கிவிடும். ஏர்னஸ்ட் வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கித் தச்சர், மஜீட் காத்தான்குடித் தையல்காரர். சுனாமி இரண்டு பேருடைய வீட்டையும் துடைத்துக்கொண்டு போனது. தொண்டு நிறுவனம் கொடுத்த தகரக் கொட்டில் ஒன்று, நடுவில் பலகை மறைப்பு, ஆளுக்கு ஒரு பக்கம். கையில் வேலை இல்லை, உடுக்க மாற்றுத்துணி இல்லை. ஒற்றையாட்சியா, சமஷ்டி என்கிற கூட்டாட்சியா என்ற கவலைக்கு மட்டும் குறைவில்லை.

அதிலும் ஒரு விசேஷம். நேற்று ஒற்றையாட்சிக்காக உயிரைக் கொடுத்தவர் இன்று சமஷ்டிக்காகக் கொடுப்பார்.

“மஜீட் காக்கா, நேத்து நீங்க மத்தப் பக்கம்தானே நிண்டீங்க?” என்று றம்லா ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

“பெரிய பெரிய ஆக்களே பக்கம் மாறக்குள்ள, நாங்க மாறப்படாதா புள்ள?”

அந்த நிறுவனத்தில் றம்லாவுடைய உத்தியோகமே முகாமில் சமாதானம் செய்து வைப்பதுதான். அவளுக்கு வயிறு எரிந்தது இவர்களை நினைத்தல்ல, ஏர்னஸ்டின் மனைவி குவெண்டலினை நினைத்துத்தான். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறும் குடியியலும் படிப்பித்த டீச்சர். மகள் மெலிண்டாவைக் கடல் கொண்டுபோன பிறகு, தகரச் சுவரைப் பார்த்துப் படுத்ததுதான். பாதர் வந்து பேசினார், ஆலோசகர் வந்து பேசினார், டீச்சர் பேசவில்லை. றம்லா ஒருநாளும் அவவுடைய குரலைக் கேட்டதில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த மனிசி உள்ளே கிடக்க, புருஷன் வாசலில் நின்று நாட்டைப் பிரித்துப் பிரித்து ஒட்டுகிறார். இவரெல்லாம் ஒரு மனிசன்.

வெள்ளிக்கிழமை வேறு, நிரந்தர வீடு கட்டித் தருகிற வெள்ளைக்காரர் பார்க்க வருகிறார்கள். அடிபிடி முகாம் என்று கண்டால் கையை விரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்றைய கத்தல் காதில் விழுந்ததும் றம்லா செருப்பையும் போடாமல் ஓடினாள்.

“எழுபத்தெட்டு.”

“அம்பத்தாறு.”

இரண்டும் பிழை. உயர்தரத்தில் அரசியல் பாடத்துக்கு ஏ எடுத்தவள் றம்லா. அவளால் பொறுக்க முடியவில்லை.

“எழுபத்திரெண்டு. போதுமா? இனி ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க.”

சோற்றுப் பானையைக் கவிழ்த்தவளைப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ஏர்னஸ்ட் திரும்பி உள்ளே போனார்.

அடுத்த நாளே றம்லா ஒப்பந்தம் எழுதிவிட்டாள். ஒற்றையாட்சி, சமஷ்டி, சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பு ஆகிய சொற்களை முகாமுக்குள் உச்சரிக்கக் கூடாது. அரசியல் பேசியே ஆகவேண்டுமென்றால் வாவிக்கரைக்குப் போய், தண்ணீரைப் பார்த்துத் தனியாகப் பேசலாம். கண்காணிப்பாளர், பக்கத்துக் கொட்டில் ஆசியா உம்மா. காது கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் கண்காணிப்பாளர்.

“பின்னேரத்தில கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அனுமதி தரேலாதா மகள்?” என்று ஏர்னஸ்ட் கெஞ்சினார்.

“ஒரு சொல்லும் இல்ல அங்கிள். வீடு வேணுமா வேணாமா?”

வீடு வேண்டும். இரண்டு பேரும் ஒப்பமிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முகாமில் காகம் கத்திய சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைக்காரருக்குப் புல்லரித்தது. ஏர்னஸ்டையும் மஜீட்டையும் கைகோக்க வைத்துப் படமெடுத்தார்கள். வீடு உறுதி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். றம்லாவின் கால் நிலத்தில் படவில்லை.

பின்னேரம் மஜீட் அவளைத் தேடி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி.

“புள்ள, அந்த ஒப்பந்தத்தக் கிழிச்சுப் போடு.”

“என்ன விசர்க் கதை காக்கா இது?”

“கதைக்க நேரமில்ல, வா. எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது எப்பெண்டு உனக்குத் தெரியும்தானே?”

“ஓம், முப்...”

“சொல்லாத. வாசல்ல வந்து பிழையாச் சொல்லு. பலமாச் சொல்லு.”

கொட்டில் வாசலில் ஏர்னஸ்ட் கஞ்சிக் கோப்பையோடு குந்தியிருந்தார். கஞ்சி ஆறி ஆடை படிந்திருந்தது. உள்ளே டீச்சர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தா. றம்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இந்த நாட்டில எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது நாப்பத்தெட்டில. சுதந்திரத்தோடதான் வந்த.”

“நாப்பத்தெட்டேதான்,” என்றார் மஜீட்.

“எனக்கும் அப்பிடித்தான் ஞாபகம்,” என்றார் ஏர்னஸ்ட்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“முப்பத்தொண்டு,” என்றது ஒரு வறண்ட குரல்.

ஏர்னஸ்ட் கோப்பையோடு உள்ளே பாய்ந்தார். பலகை மறைப்புக்கு அப்பால் கரண்டிச் சத்தம் கேட்டது.

“அலைக்குப் பிறகு அவ வாய் திறக்கிறது இதுக்கு மட்டுந்தான்,” என்று மஜீட் காதோடு சொன்னார். “ஒருநாள் நாங்க மெய்யாவே சண்டை பிடிச்சம். நான் ஒரு ஆண்டப் பிழையாச் சொல்லிப்போட்டன், அவ உள்ளுக்கிருந்து திருத்தினா. திருத்தின கையோட நாலு வாய் கஞ்சியும் குடிச்சா. அண்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் பிழை விடுறம். அண்டைக்கு நீ சரியாச் சொல்லிக் கெடுத்திட்டாய்.”

உள்ளேயிருந்து மறுபடியும் அந்தக் குரல்.

“நாப்பத்தெட்டெண்டு சொன்ன புள்ள ஆரு? எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்ச?”

றம்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பிழையை யோசிக்கத் தொடங்கினாள்.