சட்டைப் பைக்குள் அடங்கும் பட்டறை

"ஒரு ஆணி அடிக்கத் துப்பில்லாத ஆளுக்குப் போய் பொண்ணைக் குடுத்திருக்கோம் பாரு!"

கட்டில் மேல் பரப்பி வைத்திருந்த சாமான்களைப் பார்த்து அலுத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துக் கட்டடத்துக் குழந்தைகள்கூட அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"இந்தத் தடவை என்னவாம்?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"சமையலறை அலமாரிக் கதவு தொங்குதாம். ஜன்னல் கொக்கி ஆடுதாம். போன தடவை குழாய். அதுக்கு முந்தி மேஜை டிராயர். நாம போய்ச் சேர்ற வரைக்கும் வீடு இடிஞ்சு விழாம இருந்தாச் சரி."

வாய்தான் சலித்துக்கொண்டது. முகத்தில் கல்யாணக் களை.

விமானத்தில் எதை எடுத்துப் போவது என்பதுதான் இப்போது தலைவலி. பேனாக்கத்தி கூடவே கூடாது. கட்டிங் பிளேயரைப் பார்த்தாலே பிடித்துவைத்துக்கொள்வார்கள். குட்டை ஸ்க்ரூ டிரைவர் போகலாம் என்று ஒருத்தர் சொன்னார், போகாது என்று இன்னொருத்தர்.

"எல்லாத்தையும் பெட்டியில போட்டு அனுப்பிட வேண்டியதுதானே?"

"ஒரு தடவை அனுப்பினேனே! பெட்டி வேற ஊருக்குப் போச்சு. மூணு நாள் மாப்பிள்ளை வீட்டுல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சோறு இறங்குச்சா எனக்கு?"

"அங்கேயே ஒண்ணு வாங்கிக்கலாமே?"

"பழகாத சாமான் என் கையில நிக்காது. பேசாம இரு."

அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட இந்த மனுஷனுக்கு வராது. மகள் ஒரு மாசம் தங்கச் சொல்கிறாள். வேலை இருந்தால் தங்குவார். இல்லையென்றால், பாரமாகிவிட்டோமோ என்ற பயம் வந்துவிடும்.

கடைசியில் நாலு தேறின. குட்டை ஸ்க்ரூ டிரைவர், சின்ன ஸ்பானர், விரல் நீள இடுக்கி, மூக்குக்கண்ணாடி முடுக்கும் ஊசித் திருப்புளி. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். தொங்கிய கதவு அவர் கை பட்டதும் நிமிர்ந்து, மெத்தென்று மூடிக்கொண்டது. மகள் அதைத் திறந்து திறந்து மூடிச் சிரித்தாள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

அந்தக் கனவு விமான நிலையத்தில் கலைந்தது.

"ஐயா, இது கூடாது. இதுவும் கூடாது," என்று சோதனை செய்த பெண் ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"இடுக்கியுமாம்மா?"

"அதுவும்தான்."

ஊசித் திருப்புளியை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இதை வச்சுக்கோங்க," என்றாள்.

லிஃப்ட்காரர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீ போயிட்டு வா. நான் வீட்டுக்குப் போறேன்."

"என்னங்க, விளையாடறீங்களா?"

அவர் விளையாடவில்லை. போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க. மூக்குக்கண்ணாடி முடுக்கற திருப்புளி ஒண்ணுதான் மிச்சம். கதவுக்கும் கொக்கிக்கும் வேற யாரையாவது கூப்பிட்டுக்கோங்க. வெறுங்கையோட நான் வந்து என்ன பண்ணப்போறேன்? இன்னொரு சமயம் பார்ப்போம்."

அந்தப் பக்கம் மாப்பிள்ளை பதறினார்.

"ஐயோ மாமா, அப்படிச் சொல்லிடாதீங்க! அந்தத் திருப்புளிதான் வேணும். என் கண்ணாடியில ஒரு பக்கக் கம்பி காலையிலேர்ந்து கழண்டு தொங்குது. எழுத்து ஒண்ணும் தெரியல. நீங்க வந்தாத்தான் எனக்குப் பொழுது விடியும்."

"நீங்க எப்பலேர்ந்து கண்ணாடி?"

"இப்பத்தான் மாமா. புதுசு."

"புதுசே கழண்டுடுச்சா? நல்ல கைராசி போங்க!" என்று எழுந்துவிட்டார். "கிளம்பு, கிளம்பு. பாவம், கண்ணு தெரியாம உட்கார்ந்திருக்கார் அங்க."

ஜன்னலுக்கு வெளியே மேகம் பஞ்சுப் பொதியாகக் கிடந்தது.

"பாரேன், கம்பி இல்லை, திருகு இல்லை. ஆடாம நிக்குது!"

மனைவி தூங்கிவிட்டிருந்தாள். அவருக்கும் கண் சொக்கியது. முப்பத்துநாலு வருஷம் மற்றவர்களை மேலே ஏற்றி இறக்கிய மனுஷன், இன்றைக்குத் தானே மிதந்துகொண்டிருந்தார். மேகத்துக்குள் கதவுகள் தொங்கின, கொக்கிகள் ஆடின. ஒன்றுவிடாமல் நிதானமாக முடுக்கிக்கொண்டே போனார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

இறங்கி வெளியே வந்தால், கம்பி தொங்கும் கண்ணாடியும் கையுமாக மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம் மாமா."

"கண்ணு தெரியாம காரை ஓட்டுவீங்களா? குடுங்க இப்படி!"

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ரெண்டே முடுக்கு, கம்பி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்து, சரியாக நிற்கிறதா என்று தன் மூக்கிலேயே மாட்டி எதிரே இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லை. போட்டுப் பாருங்க."

"அடடா! எல்லாம் பளிச்சுனு தெரியுது மாமா! நீங்க மட்டும் வரலைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்?"

லிஃப்ட்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"ஒரு மாசம் இருந்துட்டுத்தான் போவேன் மாப்பிள்ளை. வேலை இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி."

அந்தக் கண்ணாடியில் பவரே கிடையாது.