வெளுத்துப் போன தம்பி

ஒரே குடல்ல பொறந்து வளர்ந்த ரெண்டு கிருமிங்க, அண்ணனும் தம்பியும். ரெண்டு பேரும் யாருக்கும் கெடுதல் செஞ்சதில்ல. ஒரு நாள் லேப்ல மாட்டிக்கிட்டாங்க.

லேப் மேடம் ரெண்டு பேரையும் பால் சர்க்கரை கலந்த தட்டுல விட்டு, சூட்டுப் பெட்டியில வச்சு மூடினாங்க. அந்தச் சர்க்கரையச் சாப்பிட்டவன் மறுநாளே ரோஸ் கலராயிடுவான். அவன் சாது. வெளுத்துக் கிடக்கிறவன் வயித்துப்போக்கக் கொடுக்கிறவனா இருக்கலாம்னு சந்தேகம். இதுதான் அங்க நடைமுறை.

அண்ணன் அள்ளிப் போட்டுக்கிட்டு ராத்திரிக்குள்ள ரோஸாயிட்டான். தம்பிக்கு எதுவுமே மெதுவாத்தான் இறங்கும்.

"அண்ணே, எனக்கு இன்னும் ஒரு நாள் வேணும். வெளுத்திருந்தா அவிச்சுடுவாங்களாமே? நான் உன் தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"தள்ளிப் படுடா. உன்னோட சேர்த்து என்னையும் சந்தேகப்படவா?"

காலையில மேடம் மூடியத் தொறந்தாங்க. "இந்த வெளுத்தவன் யாருப்பா?"

"தெரியலீங்க மேடம். எங்க குடும்பத்துல எல்லாருமே பால் சர்க்கரை சாப்பிடுறவங்க"ன்னான் அண்ணன்.



மேடம் நோட்டுல அண்ணனுக்கு நேரா 'சாது'ன்னும், தம்பிக்கு நேரா 'சந்தேகம்'னும் எழுதினாங்க. அப்புறம் தட்டோட தூக்கி, கிருமிங்கள ஆவியில அவிக்கிற பெரிய குக்கர்ல வச்சாங்க.

"மேடம், மேடம்! நான் சாதுங்க!"ன்னு அண்ணன் அலறினான்.

"தெரியும்ப்பா. அதான் எழுதியிருக்கேனே"ன்னு சொல்லிட்டு, மேடம் குக்கர் மூடிய இறுக்கினாங்க.