சுற்றுவழி

பாலத்துக்குக் குறுக்கே கயிற்றைக் கட்டும்போதுகூட இசைவாணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திருமங்கலத்துக்குத் தெற்கே, ஒரு கால்வாய்மேல் போட்ட சின்ன இரும்பு நடைபாலம் அது. நான்கு மூலையிலும் அதைத் தாங்கி நிற்கும் இரும்பு மூட்டுகள் மதுரையில், அவள் ஆய்வு செய்யும் கல்லூரியில் அச்சிட்டவை.

இரும்புத் தூளை உருக்கி, அடுக்குமேல் அடுக்காக த்ரீடி பிரிண்டர் ஏற்றிக்கொண்டு வரும்போதே, ஒவ்வொரு மூட்டின் வயிற்றிலும் மயிரிழை போல ஒரு கம்பியை வைத்து மூடியிருந்தாள். உள்ளே துரு இறங்கினால் முதலில் அந்தக் கம்பிதான் அரிபடும். அரிபட்டதும் அவள் போனுக்குச் செய்தி வரும்.

காலையில் வந்துவிட்டது.

வெளியே ஒரு பொட்டுத் துரு இல்லை. நீல பெயின்ட் நேற்று அடித்தது மாதிரி மின்னியது. யார் கண்ணுக்கும் படாததை அவள் கம்பி பிடித்துக் கொடுத்துவிட்டது.

அவளுடைய பேராசிரியர் பீமாராவுக்குப் போனிலேயே சந்தோஷம் தாங்கவில்லை. “வாழ்த்துகள் இசைவாணி. பாலத்தை உடனே மூடச் சொல்லுங்கள். ஆனால் மூட்டைக் கழற்ற வேண்டாம். ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். துரு எப்படிப் பரவுகிறது என்று முழுதாகப் பதிவு செய்துவிடலாம்.”

அந்தப் பதிவு கிடைத்தால் ஆய்வேடு முடிந்த மாதிரிதான். பஞ்சாயத்தில் சொல்லி அனுமதி வாங்கி, அவளே கயிறும் பலகையுமாகக் கிளம்பி வந்திருந்தாள்.

பஸ் ரோட்டுப் பக்கம் கட்டிவிட்டு, ஸ்கூட்டரில் சுற்றி வந்து காலனிப் பக்கமும் கட்டினாள்.

காலனிக்காரர் மருது வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் அவர் மகள் தங்கப்பொண்ணு. திருமங்கலத்தில் மருந்துக் கடை வேலை. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பி வந்தவள்.

“நல்லாத்தான இருக்கு பாப்பா? இம்புட்டுகூட ஆடலயே.”

“உள்ள அரிச்சிருச்சுண்ணே. ஒரு மாசம்தான். அதுவரைக்கும் ஊர்த்தெரு வழியாப் போங்க. நானே அப்படித்தான் வந்தேன். நல்ல ரோடு.”

மருது கயிற்றை விட்டார். மகளைப் பார்த்தார். மகள் கால்வாயைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

ஒரு மாசத்துக்கு ஏன் இப்படி முகம் சுண்டிப் போகிறார்கள் என்று இசைவாணிக்குப் புரியவில்லை. கிளம்பும்போது, முன்னால் போன தங்கப்பொண்ணை ஊர்த்தெரு முனையில் எட்டிப் பிடித்தாள்.

“ஏறிக்கங்கக்கா, பஸ் ஸ்டாப்புல விட்டுடுறேன்.”

“வேணாம் பாப்பா, நீ போ. இந்தத் தெருவுல நான் வண்டில ஏறக் கூடாது.”

சொல்லிவிட்டுக் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

“வார் அறுந்துருச்சாக்கா?”

“இல்ல.”

இரண்டு செருப்பையும் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். வெயிலில் இளகிக் கிடந்த தாரில், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

தெருவில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் அவள் காலை மட்டும் பார்த்தார்கள்.

தெரு முடிந்து பஸ் ரோடு தொடங்கும் இடத்தில் நின்று, பாதத்தை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே பின்னால் வந்த இசைவாணி போனை எடுத்தாள்.

“சார், மூட்டை நாளைக்கே மாத்திடலாம். இப்போதைக்குச் சாதாரண இரும்புலயே வெல்டிங் வச்சுக்கலாம்.”

“பதிவு வேண்டாமா? ஆய்வேடு என்ன ஆவது?”

“பாலம் இல்லன்னா காலனிக்காரங்க ஊர்த்தெரு வழியாத்தான் போகணும் சார். செருப்பக் கழட்டிப் பையில வச்சுக்கிட்டுப் போறாங்க.”

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“வெல்டரைக் கூட்டிக்கிட்டு நானே வாரேன் பாப்பா. நாளைக்கு என்ன நாளைக்கு, இப்பவே வாரேன்.”

மூன்று வருஷமாக அவரிடம் படிக்கிறாள். அவர் மருதுவைப் போல இப்படிப் பேசி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.